சென்னை - புதுச்சேரி ஒருநாள் சாலைப் பயணம்

சென்னை - புதுச்சேரி ஒருநாள் சாலைப் பயணம் என்பது தமிழ்நாட்டின் தலைநகரான சென்னையிலிருந்து காலையில் புறப்பட்டு, ஏறத்தாழ 150 கி.மீ. தொலைவிலுள்ள புதுச்சேரிக்குச் சென்று, அன்றே திரும்பி வரும் பயணத்தைக் குறிக்கும். இப்பயணம் பெரும்பாலும் வங்காள விரிகுடாவை ஒட்டிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மேற்கொள்ளப்படுகிறது. மாமல்லபுரம், ஆலம்பரைக் கோட்டை, மரக்காணம் உப்பளங்கள் போன்ற இடங்கள் இவ்வழியில் அமைந்துள்ளன.

தொலைவு குறைவாக இருப்பதால் இப்பயணத்திற்குத் திட்டமிடல் தேவையில்லை என்று கருதப்படுவதுண்டு. ஆனால் போகவர ஏழு மணி நேரம் வண்டியிலேயே கழிகிறது. எஞ்சிய நேரத்தில் பல இடங்களைப் பார்க்க முயல்வோர் புறப்பாட்டைத் தள்ளிப்போட்டு, இருட்டில், களைப்புடன், விரைவாக ஓட்டித் திரும்ப நேரிடுகிறது. இக்கட்டுரை வழித்தடங்கள், நேரக் கணக்கீடு, வேகத்திற்கும் பாதுகாப்பிற்கும் உள்ள தொடர்பு ஆகியவற்றை விளக்குகிறது. இங்குக் கூறப்படும் கணக்கீட்டு முறை அருகருகே உள்ள வேறு எந்த இரு நகரங்களுக்கும் பொருந்தும்.

சாலையின் வரலாறு

கிழக்குக் கடற்கரைச் சாலை தொடக்கத்திலேயே ஒரே நெடுஞ்சாலையாக அமைக்கப்பட்டதன்று. கடலோர மீனவச் சிற்றூர்களை இணைத்த சிறு சாலைகள் ஒன்றாக்கி மேம்படுத்தப்பட்டு, 1998 ஆம் ஆண்டு சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையேயான தொடர்ச்சியான சாலையாகத் திறக்கப்பட்டது. இது மாநில நெடுஞ்சாலை 49 என எண்ணிடப்பட்டிருந்தது. பின்னர் தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனத்தின் பொறுப்பில் சாலை செப்பனிடப்பட்டு, 2002 முதல் சுங்கக் கட்டணம் வசூலிக்கப்பட்டது.

பிற்காலத்தில் மாமல்லபுரம் - புதுச்சேரிப் பகுதி தேசிய நெடுஞ்சாலை 332அ ஆக அறிவிக்கப்பட்டு, அதனைப் பகுதி பகுதியாக நான்கு வழிச்சாலையாக விரிவாக்கும் திட்டம் 2020களில் மேற்கொள்ளப்பட்டது. இதன் ஒரு பகுதியான மரக்காணம் - புதுச்சேரி இடையிலான 46 கி.மீ. நீளச் சாலைக்கு நடுவண் அமைச்சரவை 2025 ஆகத்தில் ஒப்புதல் அளித்தது. விரிவாக்கப் பணி நடைபெறும் இடங்களில் மாற்றுப்பாதைகளும், திடீரெனக் குறுகும் சாலையும் இருக்கும் என்பதைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

சாலை பழைய சிற்றூர்களின் ஊடாகவே அமைந்ததால் அதன் இயல்பு கவனிக்கத்தக்கது. சாலையின் ஒரு பக்கம் குடியிருப்பும் மறுபக்கம் கடற்கரையும் உள்ள ஊர்களில், மீனவர்களும் மாணவர்களும் நாள்தோறும் சாலையைக் கடக்கின்றனர். கால்நடைகளும் குறுக்கிடுகின்றன. தொலைதூர வண்டிகளும் உள்ளூர் மிதிவண்டிகளும் ஒரே பரப்பைப் பகிர்ந்து கொள்கின்றன.

வழித்தடங்கள்

சென்னையிலிருந்து புதுச்சேரி செல்லப் பின்வரும் வழிகள் உள்ளன.

1. கிழக்குக் கடற்கரைச் சாலை: திருவான்மியூர், நீலாங்கரை, அக்கரை, உத்தண்டி, முட்டுக்காடு, கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் புறப்பகுதி, கடப்பாக்கம், மரக்காணம், காலாப்பட்டு வழியாகச் செல்வது. ஏறத்தாழ 150 கி.மீ.

2. இராசீவ் காந்தி சாலை: பழைய மகாபலிபுரம் சாலை என்று பரவலாக அறியப்படுவது. மத்திய கைலாசத்திலிருந்து சிறுசேரி, கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாகச் சென்று மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் கிழக்குக் கடற்கரைச் சாலையைச் சந்திக்கிறது. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் நிறைந்த இச்சாலையில் வேலைநாட்களின் காலையிலும் மாலையிலும் நெரிசல் மிகுதி.

3. திண்டிவனம் வழி: தாம்பரம், செங்கல்பட்டு, மேல்மருவத்தூர் வழியாகத் திண்டிவனம் சென்று, அங்கிருந்து கிழக்கே திரும்பிப் புதுச்சேரியை அடைவது. தேசிய நெடுஞ்சாலை 32 இன் பகுதியாகும். ஏறத்தாழ 165 கி.மீ. இவ்வழி நடுவே தடுப்புள்ள நான்கு வழிச்சாலையாகும். எதிரே வரும் வண்டிகள் தனிப் பாதையில் செல்வதால், இருட்டிய பின் திரும்புவோருக்கு இவ்வழி ஏற்றது. எனினும் ஞாயிறு மாலையும் தொடர் விடுமுறையின் கடைசி நாளிலும் பரனூர் சுங்கச்சாவடிக்கும் தாம்பரத்திற்கும் இடையே நீண்ட நெரிசல் ஏற்படுவது வழக்கம்.

போகும்போது கடற்கரைச் சாலையும் திரும்பும்போது திண்டிவனம் வழியுமாகத் திட்டமிடுவது ஒரு நல்ல உத்தியாகும். 15 கி.மீ. கூடுதல் தொலைவு என்பது, இரவில் எதிர் வண்டிகளின் ஒளியில் கண்கூசி ஓட்டும் இடரோடு ஒப்பிடுகையில் சிறிய விலையே.

வழியிலுள்ள இடங்கள்

கீழ்வரும் பட்டியலில் தொலைவுகள் சென்னை அடையாற்றிலிருந்து தோராயமாகக் கணக்கிடப்பட்டவை.

| இடம் | தொலைவு | குறிப்பு |
|---|---|---|
| சோழமண்டல ஓவியர் கிராமம், ஈஞ்சம்பாக்கம் | 10 கி.மீ. | ஓவியர் கே. சி. எஸ். பணிக்கர் முன்முயற்சியில் 1966 இல் உருவானது |
| தட்சிணசித்ரா, முட்டுக்காடு | 23 கி.மீ. | தென்னிந்திய மரபு வீடுகளின் அருங்காட்சியகம். 1996 இல் திறக்கப்பட்டது. செவ்வாய் விடுமுறை |
| முதலைப் பண்ணை, வடநெம்மேலி | 35 கி.மீ. | ரோமுலசு விட்டேக்கர் 1976 இல் நிறுவியது. திங்கள் விடுமுறை |
| மாமல்லபுரம் | 50 கி.மீ. | 1984 முதல் உலகப் பாரம்பரியக் களம் |
| ஆலம்பரைக் கோட்டை, கடப்பாக்கம் | 100 கி.மீ. | கழிமுகத்தை ஒட்டிய சிதைந்த கோட்டை |
| மரக்காணம் | 115 கி.மீ. | உப்பளங்கள், பக்கிங்காம் கால்வாயின் தென்முனை |
| புதுச்சேரி | 150 கி.மீ. | ஒன்றியப் பகுதியின் தலைநகர் |

மாமல்லபுரத்தின் கடற்கரைக் கோயில் பல்லவ மன்னன் இராசசிம்மன் காலத்தைச் (கி.பி. 8 ஆம் நூற்றாண்டின் தொடக்கம்) சேர்ந்தது. கடற்கரைக் கோயிலும் ஐந்து இரதங்களும் இந்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ளன. இவற்றைக் காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை பார்க்கலாம். காலையிலேயே திறக்கப்படுவதால், போகும் வழியில் வெயில் ஏறுமுன் இவற்றைப் பார்த்துவிட முடிகிறது.

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் 1674 முதல் குடியேறினர். 1954 நவம்பர் 1 அன்று நிருவாகம் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகத்து 16 அன்று நிறைவுற்றது. நகரின் நடுவே ஓடும் கால்வாய், கடலை ஒட்டிய பிரெஞ்சுக் குடியிருப்பையும் மேற்கே உள்ள தமிழர் குடியிருப்பையும் பிரிக்கிறது. இரு பகுதிகளும் நடந்து பார்க்கத்தக்க அளவிலேயே உள்ளதால், வண்டியை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு நடப்பதே எளிது. கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 மணி வரை வண்டிகள் அனுமதிக்கப்படுவதில்லை. பாரதியார் 1908 முதல் 1918 வரை இந்நகரில் வாழ்ந்தார்; அவர் வாழ்ந்த வீடு நினைவு இல்லமாக உள்ளது.

1968 இல் தொடங்கப்பட்ட ஆரோவில் நகரம் புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து மேற்கே பிரியும் கிளைச் சாலையில் உள்ளது. அங்குள்ள மாத்ரிமந்திரின் உள்ளறைக்குச் செல்ல முன்பதிவு தேவை. முன்பதிவின்றி வருவோர் வெளியிலுள்ள காட்சி முனையிலிருந்து மட்டுமே காண இயலும்.

நேரக் கணக்கீடு

ஓட்டும் நேரம்

பயண நேரத்தைக் கணக்கிடும்போது பலரும் செய்வது, மொத்தத் தொலைவைத் தாம் ஓட்ட விரும்பும் வேகத்தால் வகுப்பதாகும். 150 கி.மீ. தொலைவை மணிக்கு 75 கி.மீ. வேகத்தால் வகுத்தால் இரண்டு மணி நேரம் என விடை வரும். இது நடைமுறைக்கு ஒவ்வாதது. வேகமானி காட்டும் உச்ச வேகம் வேறு, சராசரி வேகம் வேறு. நகர நெரிசல், போக்குவரத்து விளக்குகள், சுங்கச்சாவடி, ஊர்களின் வேகத்தடைகள் ஆகியன சராசரியைக் குறைத்துவிடுகின்றன. எனவே பாதையைப் பகுதிகளாகப் பிரித்துக் கணக்கிடுவதே சரியான முறையாகும்.

எடுத்துக்காட்டாக, ஒரு மகிழுந்து வார நாளில் காலை 5.30 மணிக்கு அடையாற்றிலிருந்து புறப்படுவதாகக் கொள்வோம்.

| பகுதி | தொலைவு | போகும்போது | திரும்பும்போது |
|---|---|---|---|
| சென்னை நகர்ப்பகுதி | 15 கி.மீ. | 30 நிமிடம் | 60 நிமிடம் |
| அக்கரை - மாமல்லபுரம் | 35 கி.மீ. | 38 நிமிடம் | 47 நிமிடம் |
| மாமல்லபுரம் - புதுச்சேரி எல்லை | 95 கி.மீ. | 104 நிமிடம் | 114 நிமிடம் |
| புதுச்சேரி நகர்ப்பகுதி | 5 கி.மீ. | 15 நிமிடம் | 20 நிமிடம் |
| மொத்தம் | 150 கி.மீ. | 187 நிமிடம் | 241 நிமிடம் |

போகும்போது நகரில் மணிக்கு 30 கி.மீ., வெளியில் 55 கி.மீ., புதுச்சேரிக்குள் 20 கி.மீ. என்றும், திரும்பும்போது இவை முறையே 15, 45 முதல் 50, 15 கி.மீ. என்றும் சராசரி வேகங்கள் கொள்ளப்பட்டுள்ளன. போவதற்குச் சற்றேறக்குறைய 3 மணி, வருவதற்கு 4 மணி என மொத்தம் 7 மணி நேரம் ஓட்டுவதற்கே தேவைப்படுகிறது. மாலையில் நகருக்குள் நுழையும் நேரம் காலையில் வெளியேறும் நேரத்தைப் போல இருமடங்காவது கவனிக்கத்தக்கது.

பின்னோக்கிக் கணக்கிடல்

ஒருநாள் பயணத்தில் முதலில் முடிவு செய்ய வேண்டியது புறப்படும் நேரம் அன்று; திரும்பும் நேரமே. கடற்கரைச் சாலையின் தென்பகுதியை, அதாவது புதுச்சேரிக்கும் மாமல்லபுரத்திற்கும் இடைப்பட்ட பகுதியை, வெளிச்சம் இருக்கும்போதே கடந்துவிட வேண்டும் என்பதை நெறியாகக் கொள்ளலாம். இப்பகுதியைக் கடக்க, நகர்ப்பகுதியையும் சேர்த்து 134 நிமிடங்கள் தேவை என்பது மேலுள்ள பட்டியலால் விளங்கும்.

- திசம்பர் மாதம் சென்னையில் கதிரவன் மாலை ஏறத்தாழ 5.45 மணிக்கு மறைகிறது. ஆகவே புதுச்சேரியிலிருந்து 3.30 மணிக்குப் புறப்பட வேண்டும்.
- சூன் மாதம் மறைவு நேரம் ஏறத்தாழ 6.35 மணி. ஆகவே 4.20 மணிக்குப் புறப்படலாம்.

திசம்பர் கணக்கைத் தொடர்வோம். காலை 5.30 மணிக்குப் புறப்பட்டு எங்கும் நிற்காமல் சென்றால் 8.37 மணிக்குப் புதுச்சேரியை அடையலாம். அங்கிருந்து 3.30 மணி வரை 413 நிமிடங்கள் உள்ளன. பயணத்தின் எல்லா நிறுத்தங்களும் இந்த இருப்பிலிருந்தே கழிக்கப்பட வேண்டும்.

- மாமல்லபுரம் பார்வையிடல்: 120 நிமிடம்
- காலை உணவு: 45 நிமிடம்
- நண்பகல் உணவு: 60 நிமிடம்
- இரு ஓய்வு நிறுத்தங்கள்: 30 நிமிடம்
- எதிர்பாராத தாமதத்திற்கான ஒதுக்கீடு (போகும் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு): 37 நிமிடம்

இவற்றின் கூட்டுத்தொகை 292 நிமிடங்கள். எஞ்சுவது 121 நிமிடங்கள், அதாவது இரண்டு மணி நேரம். மாமல்லபுரத்தையும் பார்த்துவிட்டுச் செல்லும் ஒருவருக்குப் புதுச்சேரியில் கிடைப்பது இவ்வளவே. பிரெஞ்சுக் குடியிருப்பில் ஒரு நடை, ஒரு கோயில், ஓர் அருங்காட்சியகம் ஆகியவற்றுக்கு இது போதும். ஆரோவிலையும் சேர்க்க இது போதாது.

இக்கணக்கிலிருந்து பெறப்படும் முடிவு எளியது. ஒருநாள் பயணத்திற்கு ஒரு முதன்மை இடமும் ஒரு துணை இடமும் போதுமானவை. மூன்றாவது இடத்தைச் சேர்க்க விரும்பினால், முதலிரண்டில் ஒன்றை விட்டுவிட வேண்டும் அல்லது ஓர் இரவு தங்க வேண்டும். புதுச்சேரிக் கடற்கரையின் மாலைப்பொழுதைக் காண்பதே நோக்கமாயின், காலையில் தாமதமாகப் புறப்பட்டு, இரவில் திண்டிவனம் வழியாகத் திரும்புமாறு திட்டத்தை மாற்றிக்கொள்ளலாம்.

புறப்பாடு ஒரு மணி நேரம் தாமதமானால், அந்த ஒரு மணி நேரத்தைப் பார்வையிடும் நேரத்திலிருந்து கழிக்க வேண்டும். ஓட்டும் நேரத்திலிருந்து கழிக்கக்கூடாது. பெரும்பாலானோர் செய்வது இதற்கு நேர்மாறானது. அதன் விளைவு அடுத்த பகுதியில் விளக்கப்படுகிறது.

வேகமும் நிறுத்தத் தொலைவும்

ஓட்டுநர் ஓர் இடையூற்றைக் கண்ட கணத்திலிருந்து வண்டி முழுவதுமாக நிற்கும் வரை அது கடக்கும் தொலைவு நிறுத்தத் தொலைவு எனப்படும். இது இரு பகுதிகளைக் கொண்டது.

- எதிர்வினைத் தொலைவு: கண்டு, உணர்ந்து, பிரேக்கை மிதிக்கும் வரை வண்டி கடக்கும் தொலைவு. இது வேகத்திற்கு நேர்விகிதத்தில் கூடும்.
- பிரேக்குத் தொலைவு: பிரேக்கு பிடித்த பின் கடக்கும் தொலைவு. இது வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் கூடும்.

இந்தியச் சாலை வடிவமைப்பில் எதிர்வினை நேரம் 2.5 நொடியாகவும், சாலைக்கும் டயருக்கும் இடையிலான உராய்வுக் கெழு 0.35 முதல் 0.40 வரையிலும் கொள்ளப்படுகின்றன. இவற்றைக் கொண்டு கணக்கிட்டால் பின்வரும் மதிப்புகள் கிடைக்கின்றன.

| வேகம் (கி.மீ./மணி) | எதிர்வினைத் தொலைவு | பிரேக்குத் தொலைவு | மொத்தம் |
|---|---|---|---|
| 40 | 28 மீ. | 17 மீ. | 45 மீ. |
| 60 | 42 மீ. | 39 மீ. | 81 மீ. |
| 80 | 56 மீ. | 72 மீ. | 128 மீ. |
| 100 | 69 மீ. | 112 மீ. | 181 மீ. |

நன்கு பராமரிக்கப்பட்ட வண்டி உலர்ந்த சாலையில் இதனினும் குறைந்த தொலைவில் நின்றுவிடலாம். எனினும் மழையும், தேய்ந்த டயரும், களைத்த ஓட்டுநரும் சேரும் நிலைக்கு இம்மதிப்புகளே பொருத்தமானவை.

இனி, வேகத்தைக் கூட்டுவதால் கிடைக்கும் பயனைப் பார்ப்போம். 90 கி.மீ. தொலைவை மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் கடக்க 90 நிமிடமும், 80 கி.மீ. வேகத்தில் கடக்க 67.5 நிமிடமும் ஆகும். சேமிப்பு 22.5 நிமிடம். அதுவும் வழிநெடுக அதே வேகத்தில் செல்ல முடிந்தால் மட்டுமே. இதற்கு ஈடாக நிறுத்தத் தொலைவு 81 மீட்டரிலிருந்து 128 மீட்டராகிறது. 100 மீட்டர் முன்னால் சாலையைக் கடக்கும் ஒரு சிறுவனைக் கண்டு பிரேக்கை மிதித்தால், முதல் வண்டி அவனுக்கு முன்பே நின்றுவிடும். இரண்டாவது வண்டி நிற்காது.

முந்திச் செல்லல்

நடுவே தடுப்பில்லாத இருவழிச் சாலையில் முந்திச் செல்வதே மிகவும் இடர் மிகுந்த செயலாகும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் பேருந்தை 80 கி.மீ. வேகத்தில் ஒரு மகிழுந்து முந்துவதாகக் கொள்வோம். இரண்டிற்கும் இடையிலான வேக வேறுபாடு மணிக்கு 20 கி.மீ., அதாவது நொடிக்கு 5.6 மீட்டர். பேருந்தின் நீளத்தையும், முன்னும் பின்னும் விடவேண்டிய இடைவெளியையும் சேர்த்து 55 மீட்டரை மகிழுந்து கூடுதலாகக் கடக்க வேண்டும். இதற்கு ஏறத்தாழ 10 நொடிகள் ஆகும். அந்த 10 நொடிகளில் மகிழுந்து 222 மீட்டரைக் கடக்கிறது. எதிரே அதே வேகத்தில் வரும் வண்டியும் 222 மீட்டரைக் கடக்கிறது. ஆக, ஏறத்தாழ அரைக் கி.மீ. தொலைவுக்குச் சாலை வெறுமையாக இருப்பது கண்ணுக்குத் தெரிந்தால் மட்டுமே முந்த வேண்டும். சவுக்குத் தோப்புகள் மறைக்கும் வளைவுகளில் இவ்வளவு தொலைவு தெரிவதில்லை.

இரவு ஓட்டம்

வண்டியின் முகப்பு விளக்கைத் தாழ்கதிரில் வைக்கும்போது சாலை தெளிவாகத் தெரிவது பொதுவாக 40 முதல் 60 மீட்டர் வரையே. மேலுள்ள பட்டியலோடு ஒப்பிட்டால், தாழ்கதிரில் பாதுகாப்பாக ஓட்டத்தக்க வேகம் மணிக்கு 45 கி.மீ. அளவே என்பது விளங்கும். உயர்கதிரைப் பயன்படுத்தினால் எதிரே வருவோரின் கண் கூசும். விளக்கில்லாத மாட்டு வண்டி, பழுதாகி நிற்கும் சரக்குந்து, கருநிற ஆடை அணிந்த நடைப்பயணி ஆகியோர் அந்த ஒளிவட்டத்திற்குள் வந்த பிறகே தெரிவர். வெளிச்சத்திலேயே திரும்ப வேண்டும் என்ற நெறி இதனாலேயே வகுக்கப்படுகிறது.

களைப்பும் உறக்கமும்

மனித உடலின் இயல்பான நாட்சுழற்சியில் பின்னிரவு 2 முதல் 6 மணி வரையும், பிற்பகல் 2 முதல் 4 மணி வரையும் உறக்க உணர்வு மிகுந்திருக்கும். முந்தைய இரவு குறைவாக உறங்கி, அதிகாலையில் எழுந்து, வெயிலில் நடந்து, வயிறார உண்டபின் 3.30 மணிக்கு ஓட்டத் தொடங்கும் ஒருவர் இவ்விளைவை முழுமையாக எதிர்கொள்கிறார். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் மூன்று நொடி கண் அயர்ந்தால், வண்டி 67 மீட்டரை ஓட்டுநரின்றிக் கடந்திருக்கும். பின்வருவன உதவும்.

- புறப்படும் முந்தைய இரவு ஏழு மணி நேரமாவது உறங்குதல்.
- நண்பகல் உணவை அளவாக உண்டு, புறப்படுமுன் 20 நிமிடம் கண்ணயர்தல்.
- இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை 15 நிமிடம் இறங்கி நிற்றல்.
- உரிமம் பெற்ற இருவர் முறை வைத்து ஓட்டுதல்.
- முன்னிருக்கையில் இருப்பவர் உறங்காதிருத்தல்.

சாளரத்தைத் திறந்து வைப்பதோ, பாட்டின் ஒலியைக் கூட்டுவதோ உறக்கத்தைச் சிறிது நேரம் மறைக்குமேயன்றி நீக்காது.

பருவநிலை

சனவரி முதல் மார்ச்சு வரையிலான காலம் இப்பயணத்திற்கு ஏற்றது. ஏப்ரல் முதல் சூன் வரை நண்பகல் வெயில் கடுமையாக இருக்கும். அக்டோபர் முதல் திசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். இக்காலத்தில் உருவாகும் புயல்கள் இக்கடற்கரையை நேரடியாகத் தாக்கக்கூடியவை. 2011 திசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்து பெரும் சேதத்தை விளைவித்தது. 2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறத்தாழ 48 செ.மீ. மழை பதிவானது. ஆகவே இம்மாதங்களில் புறப்படும் முன் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் எச்சரிக்கைகளைப் பார்ப்பது இன்றியமையாதது. வெள்ளநீர் ஓடும் தரைப்பாலத்தில் வண்டியைச் செலுத்தக்கூடாது.

வண்டியின் நிலையும் செலவும்

புறப்படுவதற்கு முந்தைய நாளே டயரின் காற்றழுத்தம், ஸ்டெப்னி, பிரேக்கு, எஞ்சின் எண்ணெய், குளிர்விப்பு நீர், எல்லா விளக்குகள், மழைத் துடைப்பான் ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். ஸ்டெப்னிக்குக் காற்றடிக்க மறப்பது பொதுவாகக் காணப்படும் குறையாகும்.

எரிபொருள் தேவையைக் கணக்கிட, போகவர 300 கி.மீ., உள்ளூர்ச் சுற்று 20 கி.மீ., ஒதுக்கீடு 20 கி.மீ. என மொத்தம் 340 கி.மீ. எனக் கொள்ளலாம். லிட்டருக்கு 15 கி.மீ. ஓடும் மகிழுந்துக்கு இது ஏறத்தாழ 23 லிட்டர் ஆகும். இதனுடன் சுங்கம், வண்டி நிறுத்தம், நுழைவுச்சீட்டு, உணவு ஆகியவற்றைச் சேர்த்து ஆள்தொகையால் வகுத்தால் ஒருவருக்கான செலவு கிடைக்கும். தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் 2021 பிப்ரவரி முதல் பாஸ்டேக் கட்டாயமாக்கப்பட்டுள்ளதால், அதில் போதிய இருப்பு உள்ளதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

சட்ட விதிகள்

புதுச்சேரி தனி ஒன்றியப் பகுதியாகும். அதன் நிலப்பகுதி தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தோடு பின்னிக் கிடக்கிறது. கடற்கரைச் சாலையில் தெற்கே செல்பவர் காலாப்பட்டில் புதுச்சேரிக்குள் நுழைந்து, கோட்டக்குப்பத்தில் மீண்டும் தமிழ்நாட்டிற்குள் வந்து, பிறகே புதுச்சேரி நகரை அடைகிறார். சொந்த வண்டிக்குத் தனி அனுமதி தேவையில்லை. வாடகை வண்டியாயின் அது வெளி மாநிலம் செல்லும் உரிமம் பெற்றதா என்று முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

- ஓட்டுநர் உரிமம், பதிவுச் சான்று, காப்பீடு, மாசுக் கட்டுப்பாட்டுச் சான்று ஆகியவை உடனிருக்க வேண்டும். அரசின் டிஜிலாக்கர் செயலியில் உள்ள ஆவணங்களும் ஏற்கப்படும்.
- இருசக்கர வண்டியில் ஓட்டுபவரும் பின்னால் அமர்பவரும் தலைக்கவசம் அணிய வேண்டும்.
- மகிழுந்தின் பின்னிருக்கையில் இருப்போரும் இருக்கைப் பட்டை அணிய வேண்டும்.
- 100 மி.லி. குருதியில் 30 மி.கி.க்கு மேல் மதுச்சாரம் இருப்பின் வண்டி ஓட்டுவது குற்றமாகும். 2019 சட்டத்திருத்தத்தின்படி முதன்முறைக்கு 10,000 உரூபாய் தண்டமும், ஆறு மாதம் வரை சிறைத்தண்டனையும் விதிக்கப்படலாம்.

புதுச்சேரியில் வாங்கிய மதுவைத் தமிழ்நாட்டிற்குள் கொண்டுவருவதும் சட்டப்படி குற்றமாகும். எல்லைச் சோதனைச் சாவடிகளில் இதற்கெனச் சோதனை நடத்தப்படுகிறது.

கடற்கரைப் பாதுகாப்பு

இப்பயணத்தின் இடர்கள் சாலையோடு முடிவதில்லை. கோவளம், மாமல்லபுரம், புதுச்சேரி ஆகிய கடற்கரைகளில் அலை உயரமாகவும், கரையோர ஆழம் திடீரெனக் கூடுவதாகவும் இருப்பதுண்டு. கரையில் மோதிய நீர் ஒடுங்கிய ஓடைபோலக் கடலுக்குள் திரும்பும் இழுவை நீரோட்டம் நீச்சல் தெரிந்தவரையும் உள்ளே கொண்டு சென்றுவிடும். இதில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல், கரைக்கு இணையாக நீந்தி நீரோட்டத்திலிருந்து விலகிய பின்னரே கரை திரும்ப வேண்டும். நீந்தத் தெரியாதவர் முழங்காலுக்கு மேல் நீரில் இறங்காதிருப்பதே சிறந்தது. எச்சரிக்கைப் பலகை உள்ள இடங்களில் இறங்கவே கூடாது.

விபத்து நேர்ந்தால்

நெருக்கடி உதவிக்கு நாடு முழுவதும் 112 என்ற எண்ணையும், மருத்துவ ஊர்திக்கு 108 என்ற எண்ணையும், தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033 என்ற எண்ணையும் அழைக்கலாம். இருக்குமிடத்தைத் தெரிவிக்கக் கி.மீ. கல்லில் உள்ள எண் பெரிதும் பயன்படும். எனவே கடைசியாகக் கடந்த ஊரின் பெயரை மனத்தில் வைத்திருப்பது நல்ல பழக்கமாகும்.

காயமுற்றவருக்கு முதல் ஒரு மணி நேரத்திற்குள் கிடைக்கும் மருத்துவம் உயிரைக் காப்பதில் பெரும்பங்கு வகிக்கிறது. உதவி செய்பவர் காவல்துறையின் விசாரணைக்கு அஞ்சத் தேவையில்லை. 2019 இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134அ பிரிவு, நல்லெண்ணத்துடன் உதவுவோருக்குச் சட்டப் பாதுகாப்பு அளிக்கிறது; அவர்களைத் தம் பெயரை வெளியிடக் கட்டாயப்படுத்தவும் இயலாது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்துக்குள்ளானவர் எந்த மாநிலத்தவராயினும், 2021 திசம்பரில் தொடங்கப்பட்ட இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48 திட்டத்தின்கீழ், திட்டத்தில் இணைந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றிப் பெறலாம்.

பிற போக்குவரத்து

சொந்த வண்டி இல்லாதோர் அரசுப் பேருந்துகளில் செல்லலாம். கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகவும் திண்டிவனம் வழியாகவும் தமிழ்நாடு, புதுச்சேரி அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் பேருந்துகள் இயங்குகின்றன. சென்னை எழும்பூரிலிருந்து விழுப்புரம் வழியாகப் புதுச்சேரிக்குத் தொடருந்தும் உண்டு. இருட்டிய பிறகு திரும்ப வேண்டியிருந்து, ஓட்ட ஒருவரே இருக்கும் நிலையில், பேருந்தே பாதுகாப்பான தேர்வாகும்.

இவற்றையும் பார்க்க

- கிழக்குக் கடற்கரைச் சாலை
- மாமல்லபுரம்
- புதுச்சேரி
- பக்கிங்காம் கால்வாய்
- சாலைப் பாதுகாப்பு
- நிறுத்தத் தொலைவு